பத்தில் ஒன்று

டெனிஸ்லியில், பூத்துவாலை நெய்யும் ஆலையின் மாடியறையில்
முப்பத்தெட்டுப் பேரை
ஏழு நெடுவரிசைகளில் இறக்கி வைத்தேன்.
நேரந்தவறாமை, கைத்திறன், கற்கும் வேகம்,
உடல்நலம், பேச்சு, கணினி,
கடைசி நிமிடத்தில் மேலாளர் சேர்த்த
மனப்பாங்கு.
புதிய ஆலையில் இடம் இருபத்திரண்டு.
மிச்சப் பேருக்குக் கடிதம்.

எடை சொல்ல வேண்டியவர் வெதாத்,
இரவுப் பணியின் மேற்பார்வையாளர்.
வெற்றுத் தாளின் அடியில் முதலிலேயே கையெழுத்திட்டுவிட்டு
உட்கார்ந்தார்.
இரண்டிரண்டாக எடுத்துக் கேட்டேன்:
அதைவிட இது எத்தனை மடங்கு?
ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் சொல்லுங்கள்.
இருபத்தொரு கேள்வி.
தேநீர்க் கோப்பையை இடுப்பில் பிடித்தபடி
ஒவ்வொன்றுக்கும் ஹோனாஸ் மலையின் பனியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

நேரம், கைத்திறனைவிட மூன்று மடங்கு.
கைத்திறன், கற்பதைவிட இரண்டு.
கற்பது, நேரத்தைவிட ஐந்து.

திரை சிவந்தது.
முரண், நூற்றுக்கு இருபத்தேழு.
பத்து வரை பொறுத்துக்கொள்ளும் முறை,
அதற்கு மேல் பொறுக்காது.
சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டீர்கள் என்றேன்.

வெதாத் சிரிக்கவில்லை.
'பேருந்து வரும் ஐந்தே முக்காலுக்கு
நேரந்தான் பெரிது.
இழை அறும் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கை பெரிது.
ஹாம்பர்க்காரன் நிறத்தை மாற்றச் சொல்லும் வெள்ளிக்கிழமை
கற்கத் தெரிந்தவள் பெரியவள்.
நீ எந்த மணியைக் கேட்கிறாய்?'

என் நிரலில் மணிக்கு இடமில்லை.
கோப்பையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.
ஐந்தை அழித்தேன்.
மூன்றில் ஒன்று என்று எழுதினேன்.
நூற்றுக்கு ஒன்பது.
பச்சை.

பிறகு என் கை எதிலும் படவில்லை.
ஒவ்வொரு வரிசையிலும் உயர்ந்ததைப் பறித்து
முறை ஓர் ஆளைச் செய்தது.
தாழ்ந்ததையெல்லாம் கூட்டி
இன்னோர் ஆளை.
முன்னவருக்குத் துன்ஜாயின் விரல்கள்,
செல்மாவின் தப்பாத ஐந்தரை மணி.
பின்னவருக்கும் செல்மாதான் கொடுத்தாள்,
விசைப்பலகையைக் கண்டால் வரும் அவள் நடுக்கத்தை.
துன்ஜாய் கொடுத்தது தன் முதுகெலும்பை.
பிறக்காத இருவருக்கு நடுவே
பிறந்துவிட்ட முப்பத்தெட்டுப் பேரும்
யாருக்கு எவ்வளவு தொலைவு என்று
அளந்து நிறுத்தப்பட்டார்கள்.

இருபத்திரண்டாவது ருஃப்கி.
இருபத்துமூன்றாவது ஹாஜெர்.
இருவருக்கும் நடுவில்
நான்காம் தசமத்தில் ஒரு மயிரிழை.

ஹாஜெருக்குக் கற்பதில் ஒன்பது, நேரத்தில் நான்கு.
இரண்டு பேருந்து மாறி வருகிறவள்.
பழைய ஐந்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்,
ஒரே ஒரு முறை.
ஹாஜெர் பதினெட்டு, ருஃப்கி இருபத்தைந்து.
சேமிக்கவா என்று கேட்டது.
வேண்டாம்.

ருஃப்கி நல்லவன், அதையும் சொல்லியாக வேண்டும்.
நாலு மாத இரட்டைப் பிள்ளைகளோடு
தூங்காமல் வந்து சரியான நேரத்தில் நிற்பான்.
வெதாத் பட்டியலை இரண்டு முறை படித்தார்.
தன் கையெழுத்தை மூன்றாவது முறை பார்த்தார்.
எதுவும் கேட்கவில்லை.
ஹாஜெருக்குப் போன கடிதத்தில்
'முறைப்படி' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது.
தட்டச்சு செய்ததும் நான்தான்.

ஒன்றரை ஆண்டு கழித்துச் சனிக்கிழமைச் சந்தையில்
ஆலிவ் பீப்பாய்களுக்குப் பின்னால் அவள்.
கையுறை, கம்பளித் தொப்பி, முன்னைவிட உரத்த குரல்.
'மாடியறைப் பெண்தானே நீ?'
ஆமாம் என்றேன்.
அரைக் கிலோ என்றேன்.

தட்டில் கொட்டினாள்.
ஒன்றை எடுத்து, ஒன்றை வைத்து,
ஐந்நூறில் எண் நின்றது.
பையில் சரித்துவிட்டு
தராசின் பக்கம் திரும்பாமலே
இன்னொரு கை அள்ளி உள்ளே போட்டாள்.

கொசுறு.

பழகிய கண், தானாக எடை போட்டது.
ஐம்பது கிராம் இருக்கும்.

சொல்லிவிட வாயெடுத்தேன்.
எவ்வளவு ஆச்சு
என்று கேட்டேன்.